ஒரு முக்காற்புள்ளி தின்ற மெயில்கள்

தீபாவளி முடிந்த வாரத்தில் திருப்பூரைப் பார்த்தால் அடையாளமே தெரியாது. பனியன் கம்பெனிகள் பூட்டிக் கிடக்கும், டீக்கடையில் ஆள் இருக்காது, சாயப்பட்டறைப் பக்கம்கூட அமைதியாக இருக்கும். 2016இல் தீபாவளி அக்டோபர் 29, சனிக்கிழமை. நான் அப்போது அங்கே ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு சிஸ்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். லீவில் ஆபீஸ் காலியாக இருக்கும்போதே யூபிஎஸ் பேட்டரியை மாற்றிவிடலாம் என்று முடிவாகி, நவம்பர் 2 புதன்கிழமை சாயங்காலம் பேட்டரிக்காரர் வந்தார். சர்வரை முறையாக ஷட்டவுன் செய்தேன். ஒரு மணி நேரத்தில் அவர் வேலையை முடித்துவிட்டுப் போனார். நான் சர்வர் பட்டனை அழுத்தினேன். டக்... டக்... டக். திரையில் ஒன்றுமில்லை.

மூன்று வருடம் நிற்காமல் ஓடிய ஹார்டு டிஸ்கை ஒருமுறை ஆறவிட்டால் மறுபடி சுழலாமல் போகலாம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த டக் டக் சத்தத்தை நேரில் கேட்டது அன்றுதான்.

பெரிய சர்வர் எல்லாம் இல்லை. அசெம்பிள் செய்த ஒரு டவர், லினக்ஸ், மெயிலை வாங்கவும் அனுப்பவும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியில் வைத்துக் கொடுக்க டவ்காட். 62 பேருக்கு மெயில் பெட்டி, மொத்தம் 180 ஜிபி சொச்சம். எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெயில் என்பது தபால் மட்டும் கிடையாது, சாட்சி. பையர் எந்த ஷேடுக்கு ஓகே சொன்னான், எந்தத் தேதிக்கு ஷிப்மெண்ட் கேட்டான், அளவை யார் மாற்றச் சொன்னது என்று நாளைக்குத் தகராறு வந்தால் பழைய மெயிலைத்தான் எடுத்துக் காட்ட வேண்டும்.

ஓனருக்கு போன் போட்டேன். ஊரில் இருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "தம்பி, பேக்கப் இருக்குதுல்ல?"

"இருக்குதுங்க" என்றேன். பொய் சொல்லவில்லை. தினமும் ராத்திரி 2 மணிக்கு ஸ்கிரிப்ட் ஓடும், 'பேக்கப் முடிந்தது' என்று எனக்கு ஒரு மெயில் வரும். ஏழு மாதமாக ஒருநாள்கூடத் தவறவில்லை.

யூஎஸ்பி டிஸ்கை என் லேப்டாப்பில் செருகினேன். 62 பேருக்கும் ஃபோல்டர் இருந்தது. ஒவ்வொன்றுக்குள்ளும் இன்பாக்ஸ், சென்ட், பையர் பெயரில் அவரவர் போட்டுவைத்த சப்ஃபோல்டர் எல்லாம் வரிசையாக இருந்தன. அதற்கும் உள்ளே போனால் காலி. மெர்ச்சண்டைசர் அக்காவின் பெட்டியில் 20,000க்கு மேல் மெயில் இருக்க வேண்டும். ஒன்பது இருந்தது. ஓனர் பெட்டியில் மூன்று. ஒரே ஒரு பெட்டி மட்டும் ஒரு மெயில்கூடக் குறையாமல் முழுசாக இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால், பெட்டியைக் காலி செய்துவிட்டு வேலையை விட்டுப் போன ஒருவருடையது. அவருக்கு வந்த விளம்பர மெயில்கள் நாலாயிரமும் பத்திரம்.

அன்று ராத்திரி வீட்டுக்குப் போகவில்லை. என்ன நடந்தது என்று பிடிபடவே பன்னிரண்டு மணி ஆகிவிட்டது.

இங்கே, எங்கள் சர்வர் மெயிலைச் சேமித்து வைத்த முறையான மெயில்டிர் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பழைய எம்பாக்ஸ் முறையில் ஒரு பெட்டியின் மெயில்கள் எல்லாம் ஒரே நீளமான கோப்பில் அடுத்தடுத்து ஒட்டியிருக்கும். கியூமெயில் என்ற மெயில் சர்வரை எழுதிய டேனியல் பெர்ன்ஸ்டீன் கொண்டுவந்த மெயில்டிர் முறையில் ஒரு மெயிலுக்கு ஒரு கோப்பு. ஒவ்வொரு பெட்டியிலும் டெம்ப், நியூ, கர் என்று மூன்று ஃபோல்டர். வந்து இறங்கிய மெயில் முதலில் நியூவில் உட்காரும். அவுட்லுக்கோ போனோ வந்து பெட்டியைத் திறந்ததும் டவ்காட் அதை கர் ஃபோல்டருக்குத் தள்ளும். தள்ளும்போது கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒரு வால் ஒட்டும்: ஒரு முக்காற்புள்ளி, 2, ஒரு காற்புள்ளி, அப்புறம் சில எழுத்துகள். படித்தாயிற்று என்றால் எஸ், பதில் போட்டாயிற்று என்றால் ஆர், நட்சத்திரம் குத்தியிருந்தால் எஃப். அழகான ஏற்பாடு. மெயிலின் நிலைமை கோப்பின் பெயரிலேயே இருக்கிறது, தனியாக டேட்டாபேஸ் தேவையில்லை.

அந்த முக்காற்புள்ளிதான் வினை. கோப்பின் பெயரில் முக்காற்புள்ளி வருவதை விண்டோஸ் உலகம் ஒப்புக்கொள்ளாது. என் யூஎஸ்பி டிஸ்க் ஃபேட்32 ஃபார்மட். ஏழு மாதத்துக்கு முன்பு வரை பேக்கப்புக்கு என்று லினக்ஸ் ஃபார்மட்டில் தனி டிஸ்க் இருந்தது. அது நிரம்பிவிட, புது டிஸ்க் வாங்கினோம். வாங்கியபோது அக்கவுண்ட்ஸில் "டேலி பேக்கப்பையும் இதுலயே போட்டுக்கலாமுங்களா?" என்று கேட்டார்கள். இரண்டு பக்கமும் படிக்கட்டும் என்று நானே என் கையால் ஃபேட்32 போட்டேன். கர் ஃபோல்டரில் இருந்த ஒவ்வொரு கோப்பையும், ஸ்கிரிப்டில் நகலெடுக்கும் வேலையைப் பார்க்கும் ஆர்சிங்க் எழுதப் போக, டிஸ்க் 'செல்லாத பெயர்' என்று திருப்பியடித்திருக்கிறது. வால் முளைக்காத, யாருமே திறந்து பார்க்காத மெயில்கள் மட்டும் போய்ச் சேர்ந்திருக்கின்றன. வேலையை விட்டுப் போனவர் பெட்டி முழுசாகக் கிடைத்தது அதனால்தான்.

சரி, ஆர்சிங்க் கத்தியிருக்குமே? கத்தியது. ஃபேட்32இல் யார் கோப்பு என்ற கணக்கே கிடையாது. அதனால் முதல் நாளே, ஓனர்ஷிப் மாற்ற முடியவில்லை என்று கோப்புக்கு ஒரு வரி வீதம் ஆயிரக்கணக்கான வரி, ஸ்கிரிப்டை நேரத்துக்கு ஓட்டும் க்ரான் அனுப்பும் மெயிலில் வந்து கொட்டியது. இது தொல்லை இல்லாத தொல்லை, மெயிலின் உள்ளடக்கத்துக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்து, எரர் அத்தனையையும் குப்பைக்குப் போகும்படி ஸ்கிரிப்டில் ஒரு துண்டு சேர்த்தேன். கூச்சல் அடங்கியது. அந்தக் கூச்சலுக்குள்தான் உண்மையான எரரும் இருந்திருக்கிறது. ஸ்கிரிப்டின் கடைசி வரி, மேலே என்ன நடந்தாலும் 'பேக்கப் முடிந்தது' என்று மெயில் அனுப்பும். அதை எழுதியதும் நான்தான்.

இரண்டு டிஸ்க் போட்டு, ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் அப்படியே எழுதும் ரெய்டு 1 வைத்திருந்தோமே, அது என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒரு டிஸ்க் எழுந்திருக்கவில்லை என்றால் இன்னொன்றில் இருந்து சர்வர் கிளம்பியிருக்க வேண்டும். இரண்டாவதைத் தனியாகக் கழற்றி என் லேப்டாப்பில் மாட்டினேன். அது சுழன்றது. ஆனால் அதிலிருந்த கடைசி மெயிலின் தேதி ஆகஸ்ட் 18.

பதினொரு வாரத்துக்கு முன்பே ரெய்டு அந்த டிஸ்கை வெளியே தள்ளிவிட்டிருந்தது. வீட்டுக் கம்ப்யூட்டருக்கான சாதா டிஸ்க், கெட்ட செக்டார் ஒன்று மாட்டினால் அதையே திரும்பத் திரும்பப் படிக்க முயன்றுகொண்டு பதில் சொல்லாமல் கிடக்கும். லினக்ஸ் 30 விநாடி பொறுக்கும். அதற்கு மேல் போனால் டிஸ்க் செத்தது என்று எடுத்துக்கொண்டு ஒதுக்கிவிடும். ஒதுக்கியதும், சர்வரின் தலைமைப் பயனரான ரூட்டுக்கு ஓர் எச்சரிக்கை மெயிலும் போடும். ரூட்டின் மெயிலை நான் எங்கேயும் திருப்பிவிடவில்லை. அந்த எச்சரிக்கை, இப்போது டக் டக் என்கிற டிஸ்கில் எங்கோ எழுதப்பட்டுக் கிடக்கிறது.

ரெய்டை பேக்கப் என்று நினைக்காதே என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். ஒரு டிஸ்கில் அழிந்தது அடுத்த நொடியே மற்றதிலும் அழியும் என்பதுதான் காரணம். எங்கள் விஷயத்தில் தலைகீழ். ரெய்டு ஒழுங்காக வேலை செய்யாததால்தான் ஆகஸ்ட் 18ஆம் தேதி அப்படியே உறைந்து போய் எங்களுக்குக் கிடைத்தது.

வியாழக்கிழமை காலையில் கணக்கு இப்படி இருந்தது. ஆகஸ்ட் 18 வரைக்கும் அந்த ஒதுங்கிப்போன டிஸ்க். அதற்குப் பிறகான பதினொரு வாரம் அவரவர் மேஜையில் இருக்கும் அவுட்லுக்கில் இருந்தால் உண்டு. எதற்கும் இருக்கட்டும் என்று, ஓனர் ரூம் பீரோவில் கிடந்த, ஏழு மாதத்துக்கு முன்பே நிரம்பிய பழைய பேக்கப் டிஸ்கையும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

முதலில் ஒதுங்கிய டிஸ்கை டிடிரெஸ்க்யூ வைத்துப் புது டிஸ்குக்கு நகல் எடுக்கப் போட்டேன். நோய்ப்பட்ட டிஸ்கை நேரடியாக மவுண்ட் செய்து கோப்பு கோப்பாக அள்ளக்கூடாது, பாதியில் உயிரை விட்டுவிடும். டிடிரெஸ்க்யூ நல்ல பகுதிகளை முதலில் வாரிக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். ராத்திரி முழுக்க ஓடியது. கடைசியில் படிக்க முடியாமல் போனது சில கிலோபைட்தான்.

அது ஓடிக்கொண்டிருக்கும்போது வந்த கவலை வேறு. சர்வர் படுத்திருக்கும் நேரத்தில் வரும் மெயில்கள் என்ன ஆகும்? இந்த ஒரு விஷயத்தில் மெயிலைக் கண்டுபிடித்தவர்களுக்குக் கோயில் கட்டலாம். எதிர் சர்வர் பதில் சொல்லவில்லை என்றால் அனுப்பும் சர்வர் மெயிலைத் தூக்கிப் போடாது. வரிசையில் வைத்துக்கொண்டு விட்டு விட்டு வந்து கதவைத் தட்டும். குறைந்தது நாலைந்து நாள் தட்டிப் பார் என்று விதியிலேயே எழுதியிருக்கிறார்கள். போஸ்ட்ஃபிக்ஸில் எதையும் மாற்றாவிட்டால் ஐந்து நாள். ஆனால் பெரிய பையர்கள் பலரும் சொந்தமாக மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வர் வைத்திருந்த காலம் அது. அதில் மாற்றாமல் விட்டால் இரண்டே நாள். புதன் சாயங்காலம் மூடிய கதவு வெள்ளி சாயங்காலத்துக்குள் திறக்க வேண்டும்.

இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. கதவு மூடியிருந்தால் தட்டுவார்கள். கதவைத் திறந்து 'அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை' என்று சொல்லிவிட்டால் அதோடு சரி, மெயில் நிரந்தரமாகத் திரும்பிப் போய்விடும். பயனர் பட்டியல் ஏறாத அரைகுறை சர்வரை அவசரப்பட்டு நெட்டில் விடுவதைவிட முழுக்க அணைத்து வைப்பது எவ்வளவோ மேல்.

பழைய மெயிலுக்குக் காத்திராமல் காலிப் பெட்டிகளோடு முதலில் கதவைத் திறப்பதற்கு, எக்ஸ்சேஞ்ச் வேலை பார்ப்பவர்கள் டயல் டோன் என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ரிசீவரை எடுத்தால் முதலில் கொர்ரென்று சத்தம் வரட்டும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிற அர்த்தத்தில். வெள்ளிக்கிழமை மதியம், ஸ்டோர் ரூமில் கிடந்த ஒரு பழைய பிசியில் போஸ்ட்ஃபிக்ஸ் போட்டு, 62 பெயரையும் ஏற்றி, காலிப் பெட்டிகளோடு, வெளி மெயில் வந்து இறங்கும் 25ஆம் போர்ட்டை மட்டும் திறந்தேன். லாகில் வரி வரியாக மெயில் இறங்க ஆரம்பித்ததும்தான் காலையில் வாங்கி வைத்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

மெயில் படிக்கும் ஐமேப் போர்ட்டைத் திறக்கவில்லை. அதற்குக் காரணம் வியாழக்கிழமை நான் செய்த ஒரு முட்டாள்தனம். சோதனைக்காக ஒரு காலிப் பெட்டியை உருவாக்கி என் லேப்டாப்பில் மெயில் படிக்கும் தண்டர்பேர்டை அதோடு இணைத்துப் பார்த்தேன். என் இன்பாக்ஸ் கண் முன்னால் சுருங்கி வெறுமையானது. ஐமேப்பில் ஒவ்வொரு பெட்டிக்கும் யுஐடி வேலிடிட்டி என்று ஓர் எண் உண்டு. அந்த எண் மாறிவிட்டால், தன்னிடம் இருக்கும் நகல் எல்லாம் செல்லாது என்று மெயில் புரோகிராம் எடுத்துக்கொள்ளும். நகலைத் தூக்கிப் போட்டுவிட்டு சர்வரில் இருப்பதைப் புதிதாக இறக்கும். சர்வரில் ஒன்றும் இல்லை என்றால் இங்கேயும் ஒன்றும் இல்லை.

என் பெட்டி போனதோடு போயிற்று. 62 பேர் மேஜையிலும் இதே நடந்திருந்தால் பதினொரு வாரம் மொத்தமும் காலி. வெள்ளி சாயங்காலம் ஒவ்வொரு மேஜைக்கு அடியிலும் குனிந்து நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன். வைஃபை ரவுட்டரையும் அணைத்தேன். பிடுங்கிய பிறகுதான் கம்ப்யூட்டரை ஆன் செய்து அவுட்லுக்கைத் திறந்து, ஆகஸ்ட் 18க்குப் பிந்தைய மெயில்களை பிஎஸ்டி கோப்பாக ஏற்றுமதி செய்தேன். சனிக்கிழமை லீவிலிருந்து திரும்பியவர்கள் கையில் ஆயுத பூஜைப் பொரி மாதிரி ஆளுக்கு ஒரு பென் டிரைவ் கொடுத்தேன். மெர்ச்சண்டைசர் அக்கா மட்டும் சிரித்தார். அவர் பாப்3 ஆள், அதாவது சர்வரில் ஒரு நகலை விட்டுவைத்து மெயிலைத் தன் கம்ப்யூட்டருக்கே இறக்கிக்கொள்பவர். ஐமேப்புக்கு மாறச் சொல்லி மூன்று வருடமாக நான் கெஞ்சியும் மாறாதவர். அவருடைய மெயில் எல்லாம் அவர் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. போதாததற்கு, முக்கியமான அப்ரூவல் மெயில்களை அச்செடுத்து பாக்ஸ் ஃபைலில் வேறு கோத்து வைத்திருந்தார். "நீங்க சொன்னதக் கேட்டிருந்தா இன்னிக்கு நானும் வரிசைல நின்றுக்கோணும், இல்லைங்களா?" என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

திரும்பப் போடும் வேலை மெயில்டிர் புண்ணியத்தில் சுலபம். ஆகஸ்ட் வரையிலான பெட்டிகளைப் புது சர்வரில் வைத்து, டவ்காட் தன் யுஐடி கணக்கை எழுதி வைக்கும் கோப்பையும் கூடவே வைத்தேன். டயல் டோன் பிசியில் சேர்ந்திருந்த மெயில்களை அந்தந்தப் பெட்டியின் நியூ ஃபோல்டரில் கொண்டுபோய்ப் போட்டேன். ஒரு பெயர் இன்னொன்றோடு மோதாது. ஞாயிறு ராத்திரி ஐமேப்பைத் திறந்துவிட்டேன். நடுவில் இருந்த பதினொரு வாரத்தை அவரவர் பிஎஸ்டியிலிருந்து இழுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தேன்.

பத்து நிமிடத்தில் ஓனர் போன். "தம்பி, எல்லா மெயிலும் நேத்து வந்த மாதிரி காட்டுதே?"

பெட்டிகளை நகலெடுக்கும்போது தேதியைக் காப்பாற்றும் சுவிட்சைப் போட மறந்திருக்கிறேன். டவ்காட் மெயில்டிரில் மெயில் வந்து சேர்ந்த நேரத்தைக் கோப்பின் தேதியிலிருந்துதான் எடுக்கிறது. ஐந்து வருட மெயிலும் சனிக்கிழமை சாயங்காலம் ஒரே நேரத்தில் வந்ததாகப் போன் நம்பிவிட்டது. நல்லவேளை, மெயில்டிர் கோப்பின் பெயர் ஆரம்பிப்பதே அது வந்த நேரத்தில்தான், 1970 ஜனவரி 1இலிருந்து எண்ணிய விநாடிக் கணக்கில். உதாரணத்துக்கு 1471234567 என்றால் 2016 ஆகஸ்ட் 15 காலை 9 மணி 46 நிமிடம், சுதந்திர தினத்தன்று. லீவு நாள் என்று தெரிந்தும் எவனோ மெயில் போட்டிருக்கிறான். பெயரிலிருந்து எண்ணை உருவி, அதே நேரத்தைக் கோப்புக்குப் போடும்படி நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதி, டவ்காட்டின் இண்டெக்ஸ் கோப்புகளை அழித்தேன். இண்டெக்ஸை அது தானே மறுபடி கட்டிக்கொள்ளும். போன்களில் மட்டும் அக்கவுண்டை எடுத்துவிட்டு மறுபடி சேர்க்க வேண்டியிருந்தது. அதிலேயே திங்கட்கிழமை போனது. செவ்வாய் ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். அதற்குப் பிறகு ஆபீஸில் யாரும் மெயிலைப் பற்றிப் பேசவில்லை.

மூன்று மாதம் கழித்து, 2017 ஜனவரி 31 அன்று, புரோகிராமர்கள் தங்கள் கோடைப் போட்டுவைக்க இடம் தரும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு இன்ஜினியர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் 300 ஜிபியில் நாலரை ஜிபிதான் மிச்சம். நடந்ததை ஒளிக்காமல் அவர்களே எழுதி வெளியிட்டார்கள், மீட்கும் வேலையை யூட்யூபில் நேரலையாகக்கூடக் காட்டினார்கள். ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடு, ஒன்றும் உருப்படியாகக் கைகொடுக்கவில்லை. தினசரி பேக்கப் எடுக்கும் கருவி, போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸின் 9.2 பதிப்புடையது, ஓடிய டேட்டாபேஸ் 9.6. அதனால் பேக்கப் ஒவ்வொரு தடவையும் தோற்றிருக்கிறது. தோற்றதைச் சொல்லும் க்ரான் மெயில்கள், அனுப்பியவர் அசல்தானா என்று பார்க்கும் டிமார்க் சரிபார்ப்பில் தேறாமல் நிராகரிக்கப்பட்டு, யார் கண்ணிலும் படவில்லை. கடைசியில் கைகொடுத்தது, ஆறு மணி நேரத்துக்கு முன்னால் வேறு ஒரு வேலைக்காக அதே இன்ஜினியர் தற்செயலாக எடுத்துவைத்திருந்த ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து நிலைமையின் நகல். எங்கள் ஆகஸ்ட் 18 டிஸ்க் மாதிரி. படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கிடைத்த ஆறுதல்களிலேயே பெரியது அதுதான், வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன்.

இன்றைக்கு யாராவது "மெயிலை கூகுளில் வைத்துவிட்டோம், இனி பேக்கப் எதற்கு?" என்று கேட்டால் 2011 பிப்ரவரிக் கதையைச் சொல்வேன். ஜிமெயிலில் ஒரு சாஃப்ட்வேர் அப்டேட் கோளாறால் 0.02 சதவீதம் பேரின் பெட்டி காலியாகத் தெரிந்தது. பல இடத்தில் நகல் வைத்திருந்தும் கோளாறு அந்த நகல்களையும் பாதித்தது. நெட்டில் தொங்காத டேப்பில் இருந்துதான் திரும்ப எடுத்துப் போட்டார்கள். கூகுளிடம் டேப் இருந்தது. உங்களிடம் என்ன இருக்கிறது?

அதன் பிறகு நான் மாற்றியவை சில. பேக்கப் சர்வர்தான் மெயில் சர்வருக்குள் வந்து எடுத்துக்கொண்டு போகும், மெயில் சர்வருக்கு பேக்கப்பைத் தொடும் உரிமை கிடையாது. உள்ளே எவனாவது புகுந்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டால்கூட அந்தப் பக்கம் கை நீளாது. மெயில்களோடு போஸ்ட்ஃபிக்ஸ் செட்டிங், பயனர் பட்டியல், பாஸ்வேர்டு கோப்பு, மெயிலில் கையெழுத்துப் போடும் டிகிம் சாவி, அவரவர் எழுதிய வடிகட்டி விதிகள் எல்லாம் போகின்றன. டிகிம் சாவியை மறந்தால் புதுச் சாவி உருவாக்கி, டொமைன் பெயரின் விவரங்கள் இருக்கும் டிஎன்எஸ்ஸிலும் மாற்ற வேண்டும். அதுவரை நாம் அனுப்புவது பையரின் ஸ்பேம் பெட்டியில் போய் விழலாம். ஜிம்ப்ரா மாதிரி மெயில் ஒரு இடம், அதன் விவரம் டேட்டாபேஸில் இன்னொரு இடம் என்று பிரித்து வைக்கும் சர்வரில் ஒன்றைக் காலையிலும் மற்றதை மதியமும் எடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று தெரியாது என்று சொல்லிவிடும். நிறுத்திவிட்டு எடுக்க வேண்டும், அல்லது ஸ்னாப்ஷாட். 'பேக்கப் முடிந்தது' என்ற மெயிலை நிறுத்திவிட்டேன். இப்போது வருவது எண்கள்: எத்தனை மெயில், நேற்றைக்கு எத்தனை, எத்தனை ஜிபி.

மாதத்தின் முதல் சனிக்கிழமை, ஒரு காலி மெஷினில் ஒரு பெட்டியைத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். யாருடையது என்பதைக் குலுக்கிப் போடுவதுதான் முறை. ஆனால் பெரும்பாலும் டிஸ்பேட்ச் அண்ணன் பெட்டியைத்தான் எடுக்கிறேன். அவர் அவுட்லுக் வைத்துக்கொண்டவர் இல்லை. கோடவுனில் கிடைத்த கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து வெப்மெயிலில் படிப்பவர், அதனால் அவர் மெயில் சர்வரைத் தவிர வேறு எங்கேயும் இல்லை. மற்றவர்கள் அவருக்கு அனுப்பியதை அவர்களுடைய சென்ட் பெட்டியிலிருந்து கொஞ்சம் பொறுக்கித் தனி ஃபோல்டரில் போட்டுக் கொடுக்க முடிந்தது. வெளியிலிருந்து வந்தது எதுவும் கிடைக்கவில்லை. அவரிடம் சொல்லப் போனபோது லாரிக்காரரிடம் பில் வாங்கிக்கொண்டிருந்தார். "விடுங்க தம்பி, அந்தச் சரக்கெல்லாம் போய்ச் சேந்தாச்சு" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

பெட்டி ஏறியதும் இன்பாக்ஸைத் தேதிவாரியாக அடுக்கி 2016க்கு உருட்டிப் போவேன். ஆகஸ்ட் 18, மாலை, கண்டெய்னர் நம்பர் கேட்டு ஒரு மெயில். அதற்கு அடுத்த வரி நவம்பர் 4.